நேர்த்திக்கடன் தீர்ந்த பிறகு

ஹௌராவிலிருந்து சாஹிப்கஞ்ச் லூப் லைனில் போகும் வண்டி பர்ஹர்வாவைத் தாண்டினால் இடப்பக்கம் குன்றுகள் எழும்பத் தொடங்கும். கிழக்கே ஓடிவரும் கங்கை இந்த ராஜ்மகால் குன்றுகளைச் சுற்றிக்கொண்டுதான் தெற்கே வங்காளத்துப் பக்கம் திரும்புகிறது. சிவந்த தேரி மணலும் பனையும் பார்த்து வளர்ந்த எனக்கு, 1990களின் தொடக்கத்தில், மிஷனரியாக அந்தப் பச்சையைப் பார்த்தபோது ஊழியம் எல்லாம் மறந்து வேடிக்கை பார்க்கத்தான் தோன்றியது.

அடிவாரத்து வயல்களில் சந்தால்கள். உச்சிகளில் பஹாடியாக்கள். பஹாடியாக்களின் ஊருக்கு வண்டிப்பாதை கிடையாது. ஒற்றையடிப் பாதைதான், அதுவும் கருங்கல் உருண்டைகளின் மேல். ஏறத்தாழ 11.7 கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கி வழிந்த எரிமலைக் குழம்பு உறைந்த கல் அது. குழம்பின் அடுக்குகளுக்கு இடையே அகப்பட்ட செடிகள் கல்லாகிக் கிடக்கின்றன. பீர்பால் சாஹ்னி இங்கே வந்துதான் அவற்றை ஆராய்ந்தார். வழியில் ஆடு மேய்க்கும் பையன் ஒருவன் இலையச்சு பதிந்த கல்லை என் கையில் கொடுத்தான். ஆதியாகமத்தின் ஆறு நாளை மனதில் வைத்துக்கொண்டு அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

பஹாடியாக்கள் பேசும் மால்தோ திராவிட மொழி. எங்கள் ஊரான இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணத்தின் 1875ஆம் ஆண்டுப் பதிப்பில், பன்னிரண்டு மொழிகளில் ஒன்றாக இதுவும் இருக்கிறது. எனக்குக் கைகொடுத்தது எர்னஸ்ட் ட்ரோஸ் என்ற ஜெர்மானிய மிஷனரி 1884இல் வெளியிட்ட மால்தோ இலக்கணத்தின் ஒளிநகல். அதை வைத்துக்கொண்டு நான் பேசிய மால்தோவுக்கு ஊர்ப் பெண்கள் வாய்பொத்திச் சிரித்தார்கள்.

நான் சொல்லவந்தது ஒரு குடும்பத்தைப் பற்றி. பெரியவருக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். மலைச்சரிவில் காட்டை வெட்டி எரித்துச் சோளமும் காராமணியும் விதைப்பார். மற்ற நாளில் விறகைக் காவடியாகத் தோளில் தூக்கிச் சந்தைக்கு இறங்குவார். விற்ற காசு வட்டிக்காரரான மகாஜனின் கடனுக்கே போய்விடும். காலா அசார் வந்து, மண்ணீரல் வீங்கி, முகம் கருத்துக் கிடந்தவரைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி இறக்கினோம். மண்சுவரின் வெடிப்புகளில் வாழும் மணல் ஈ கடித்துப் பரவும் காய்ச்சல் அது. அந்நாளில் அதற்கு மருந்து, வாரக்கணக்கில் தினமும் போடவேண்டிய ஊசி. பிழைத்து எழுந்தவர் கேட்ட முதல் காரியம், "உங்க சபையில என்னைச் சேத்துக்கோ மாஸ்டர்."

நான் முடியாது என்றேன். ஊசிக்கு நன்றியாக ஒருவர் ஞானஸ்நானம் எடுப்பது எனக்குப் பிடிக்காத காரியம். கணக்குக் காட்ட அவசரப்படும் சில பணித்தளங்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஒரு மழைக்காலம் போகட்டும், அதற்குப் பிறகும் மனம் மாறாமல் இருந்தால் ஆயத்த வகுப்புக்கு வாருங்கள் என்றேன். அவர் கோபப்பட்டார். ஆனால் மழை முடிந்ததும் வந்தார்.

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு விசுவாசப்பிரமாணமும் பத்துக் கற்பனைகளும் வாய்ப்பாடமாகவே சொல்லவேண்டும். அந்த ஊர்க்காரரேயான வயதான உபதேசியார் அடுப்பு வெளிச்சத்தில் சொல்லச் சொல்ல, பெரியவர் திருப்பிச் சொல்வார். பரமண்டல ஜெபத்தில் கடன்காரருக்கு மன்னிக்கும் இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, "மகாஜன் இதைக் கேட்டிருக்கானா?" என்றார். உபதேசியார் விழுந்து விழுந்து சிரித்தார்.

அவர் மனைவிதான் மசியவில்லை. வகுப்பு நடக்கும்போது கதவோரம் உட்கார்ந்து புல்லில் கயிறு திரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்பார். ஒருநாள் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் நேராகக் கேட்டார்: "நாங்க செத்தா யாரு புதைப்பா? ஊர் வராதே." நானும் உபதேசியாரும் வருவோம் என்றேன். "நீ மாத்தலாகிப் போயிடுவ. அவருக்கு வயசாச்சு." சபை இருக்கும் என்று உபதேசியார் சொன்னார். எத்தனை வீடு என்று கேட்டார் அந்தம்மா. எட்டு என்றதும், பாடை தூக்க நாலு பேராவது தேறுவார்களா என்று விரல்விட்டு எண்ணினார். தேறினார்கள். வேதசாஸ்திரக் கல்லூரியில் எனக்கு வைத்த எந்தப் பரீட்சையும் இவ்வளவு கடினமாக இருந்ததில்லை.

அதற்குப் பிறகு இன்னொன்று சொன்னார். புருஷன் காய்ச்சலில் கிடந்தபோது அவர்களுடைய தெய்வங்களான கோசாயிங்களுக்கு ஓர் ஆடு நேர்ந்திருந்தாராம். "அதைக் கொடுக்காம வரமாட்டேன். சாமிக்குக் கடன் வச்சிட்டு இன்னொரு சாமிகிட்ட எப்படிப் போறது?"

சமவெளியிலிருந்த மூத்த ஊழியர்களுக்கு இதைச் சொன்னேன். ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர் பலியிடுவதா என்று கொதித்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. வேறு தேவர்கள் கூடாது என்பதுதான் பத்துக் கற்பனைகளில் முதலாவது. உபதேசியாரோ, "கொடுத்த வார்த்தையை முறிச்சிட்டு வர்றவ, நம்மகிட்டக் கொடுக்கிற வார்த்தையையும் முறிப்பா. செலுத்தட்டும், நாம அன்னைக்கு அங்கே போகவேண்டாம்" என்றார். அவருக்கு அந்த மண் தெரியும். நான் அவர் சொன்னதையே ஏற்றேன். சந்தையில் கயிறு விற்றுச் சேர்த்த காசில் அந்தம்மாவே ஆடு வாங்கி, பூசாரியான தேமானோவை அழைத்து, முறைப்படி செலுத்தி முடித்தார். அடுத்த வகுப்பில் கதவோரத்தை விட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

எனக்குத் திகைப்பாக இருந்தது. கைக்குழந்தையாக இடையன்குடிக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவன் நான். என்னை யாரும் கேட்கவில்லை, நானும் எதையும் எடைபோடவில்லை. இவரோ சாவு, பாடை, பழைய கடன், புதிய வாக்கு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். நாங்கள் அவர்களைச் சேர்த்ததாகப் பதிவேடு சொல்லும். நடந்தது அதுவல்ல. அவர் எங்களைப் பரிசோதித்துத் தேர்ச்சி போட்டார்.

ஞானஸ்நான நாளன்று சபை ஐயர் அடிவாரத்திலிருந்து மூச்சிரைக்க ஏறிவந்தார். ஓடையின் மடுவில் இடுப்பளவு தண்ணீர். குளிர்காலம் ஆதலால் ஐயருக்கும் பல் தந்தியடித்தது. புதுப்பெயர் வைக்கலாமா என்றார். பெரியவர் ஒரு வேதாகமப் பெயரை ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்தம்மா, அம்மா வைத்த பெயரே போதும் என்றுவிட்டார். அன்று அந்த மலை பீகாரில் இருந்தது. 2000இல் ஜார்க்கண்ட் பிரிந்தது. 2017இல் அந்த மாநிலம் கொண்டுவந்த சட்டப்படி, இப்போது இப்படி ஒரு ஞானஸ்நானம் கொடுக்க மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதி வேண்டும். அந்தம்மாவை எந்த அதிகாரி விசாரித்திருந்தாலும் அதிகாரிதான் களைத்திருப்பார்.

ஞானஸ்நானத்துக்கு அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்தம்மா வீட்டுக்குப் போகவில்லை. காணிக்கைப் பெட்டியைக் காட்டி, இதில் விழும் காசும் தானியமும் எங்கே போகிறது, யார் எழுதிவைக்கிறார்கள் என்று கேட்டார். உபதேசியார் நோட்டை எடுத்து வாசித்துக் காட்டினார். இரண்டு படி சோளம் குறைகிறது என்றார் அந்தம்மா. திரும்ப எண்ணினோம். குறையத்தான் செய்தது.