தக்காளி, ஆடு, சுண்டெலி!

கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தா நேரம் ஓடறதே தெரியலையா? 'இதோ அஞ்சு நிமிஷம்'னு ஆரம்பிச்ச வேலை, நிமிர்ந்து பார்த்தா ராத்திரி பதினொண்ணு! கண்ணுல மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி எரிச்சல். பிடரியில ஒரு இழுப்பு. உங்க கதையும் இதுதான்னா கை கொடுங்க பாஸ், நாம ஒரே கட்சி!

எனக்கு அம்பாசமுத்திரம் பக்கம். எம்.சி.ஏ. கடைசி வருஷம். காலேஜ் போக மிச்ச நேரத்துல தமிழ் டைப்பிங் வேலை. ஆய்வேடு, கோயில் கொடை நோட்டீஸ், சங்கத்து ஆண்டறிக்கைன்னு எது வந்தாலும் அடிப்பேன். பக்கத்துக்கு இவ்வளவுன்னு கூலி. செமஸ்டர் ஃபீஸ்ல பாதி அதுலதான் வருது.

வேலைக்கு இருக்கறது, அக்கா பிளஸ் டூ படிச்சப்போ கிடைச்ச இலவச லேப்டாப். தமிழ்நாடு அரசு 2011-ல ஆரம்பிச்ச திட்டத்துல வந்தது. 2 ஜி.பி. ராம். அக்காவுக்குக் கல்யாணமாகி பையன் ஸ்கூலுக்கே போயிட்டான். லேப்டாப் மட்டும் இன்னும் ரிட்டையர் ஆகலை! காரணம், அதுல ஓடறது டெபியன் லினக்ஸும் எக்ஸ்.எஃப்.சி.இ.ங்கற டெஸ்க்டாப்பும். ஒலிவியே ஃபூர்தான்ங்கறவர் 1996-ல ஆரம்பிச்சது. பழைய மெஷினுக்கும் பாரமாகாத டெஸ்க்டாப். அதோட சின்னம் ஒரு சுண்டெலி. பொருத்தம்தானே?

லேப்டாப் தாங்கிடுச்சு. என் கண்தான் தாங்கலை. போன வருஷம் கண் டாக்டர்கிட்ட போனேன். ''கண் வறண்டு போயிருக்குப்பா'' என்றார். சாதாரணமா நிமிஷத்துக்கு 15 தடவை இமைக்கற நாம, ஸ்கிரீனைப் பார்க்கும்போது அதுல பாதிகூட இமைக்கறதில்லையாம். அப்புறம் கண்ணுல ஈரம் எங்கிருந்து நிக்கும்? ''20-20-20 ஞாபகம் வெச்சுக்கோ. 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடி தள்ளி இருக்கற எதையாவது, 20 செகண்டு பாரு'' என்று சொல்லி, ஒரு சொட்டு மருந்தும் எழுதிக் கொடுத்தார்.

கேட்க ஈஸி. ஆனா 20 நிமிஷம் ஆச்சுன்னு யார் சொல்றது? 'போன்ல அலாரம் வெச்சுக்கோயேன்'னு ஃப்ரெண்ட்ஸ் சொன்னாங்க. அலாரத்தை நிறுத்த போனை எடுத்தா, அடுத்த அரைமணி நேரம் போன்லதான் போகும்னு உலகத்துக்கே தெரியுமே! ஒரு ஸ்கிரீன்லேருந்து இன்னொரு ஸ்கிரீனுக்குத் தாவறது ரெஸ்ட் இல்லை. அதனால லேப்டாப்புக்குள்ளேயே ஒரு டைமர் தேட ஆரம்பிச்சேன்.

முதல்ல ஒரு தக்காளிக் கதை. 1980-கள் கடைசியில ஃபிரான்செஸ்கோ சிரில்லோன்னு ஒரு இத்தாலிக்காரர் யுனிவர்சிட்டி மாணவரா இருந்தார். நம்மளை மாதிரியே புத்தகத்தைத் திறந்தா மனசு வேற எங்கேயோ போகுது. கிச்சன்ல இருந்த தக்காளி வடிவ டைமரை எடுத்து முறுக்கி வெச்சார். அது அடிக்கற வரைக்கும் படிப்பு மட்டும். அதையே ஒரு முறையாக்கினார்... 25 நிமிஷம் வேலை, 5 நிமிஷம் ரெஸ்ட். நாலு சுற்று முடிஞ்சா கொஞ்சம் பெரிய ரெஸ்ட். தக்காளிக்கு இத்தாலி மொழியில 'பொமொடோரோ'. முறைக்கும் அதே பேர்!

இப்ப அந்தத் தக்காளி நூறு விதமான சாஃப்ட்வேரா கிடைக்குது. ஆனா என் 2 ஜி.பி. வீட்டுக்கு வர்ற மாப்பிள்ளைக்கு மூணு கண்டிஷன் போட்டேன். அதிகம் தின்னக் கூடாது. நெட் கேட்கக் கூடாது. டைப் பண்ணிட்டிருக்கும்போது கையைப் பிடிச்சு இழுக்கக் கூடாது.

முதல்ல பார்த்த டைமர் பார்க்க அவ்வளவு அழகு. ஆனா அது தனக்குள்ள ஒரு முழு பிரவுசரையே தூக்கிச் சுமந்துட்டு வர்ற ரகம். மணி பார்க்க யானை மேல ஏறின கதை! டாட்டா சொல்லிட்டேன்.

அடுத்து வொர்க்ரேவ். செம்மறி ஆட்டுப் படம் போட்ட பழைய ஆசாமி. நீங்க நிஜமாவே கீபோர்டு, மவுஸைத் தொடற நேரத்தை மட்டும் எண்ணும். டீ குடிக்க எழுந்து போனா, அதையும் ரெஸ்ட்னே கணக்குல வெச்சுக்கும். குட்டி ரெஸ்ட், பெரிய ரெஸ்ட், 'இன்னிக்குப் போதும்பா'ங்கற தினசரி எல்லைன்னு மூணு கணக்கு. மணிக்கட்டு வலிக்காரங்களுக்கு இது நல்ல தோழன்.

சேஃப் ஐஸ்னு ஒண்ணு. நேரமானா ஸ்கிரீன் முழுக்க மறைச்சு, 'கண்ணை இறுக்கி மூடு', 'கண்ணைச் சுழற்று'ன்னு டிரில் மாஸ்டர் மாதிரி சொல்லும். நல்லதுதான். ஆனா, ஒருத்தர் பக்கத்துல உட்கார்ந்து வாசிக்க வாசிக்க நான் அடிக்கும்போது ஸ்கிரீன் மறைஞ்சா, அவர் என்னை முறைப்பார்!

கடைசியா கிடைச்சது எங்க சுண்டெலி வீட்டுக்குள்ளேயே இருந்தது. எக்ஸ்.எஃப்.சி.இ. பேனல்ல ஒட்டிக்கற ஒரு குட்டி டைமர். எத்தனை நிமிஷம்னு சொன்னா போதும். ஓரத்துல ஒரு சின்னக் கோடு நகரும். நேரம் முடிஞ்சா, நாம சொல்லி வெச்ச கட்டளையை ஓட்டும். நான் ஒரு மணிச் சத்தத்தை ஓட்டச் சொன்னேன். ஸ்கிரீனை மறைக்காது, போதனை பண்ணாது. 'டிங்'னு ஒரே சத்தம். அவ்வளவுதான்!

இதுவரைக்கும் சாஃப்ட்வேர் கதை. நிஜக் கதை இனிமேதான்.

எங்கம்மா பீடி சுத்தறாங்க. திண்ணையில தட்டை மடியில வெச்சு உட்கார்ந்தா, இலை வெட்டி, தூள் போட்டு, சுருட்டி, நூல் கட்டி, தலை மடக்கின்னு சாயந்தரம் வரைக்கும் குனிஞ்ச தலை நிமிராது. இடுப்பு வலின்னு ராத்திரி தைலம் தேய்ப்பாங்க. முதல் நாள் என் மணிச் சத்தம் கேட்டதும் திண்ணையிலேருந்து குரல்... ''ஏல, அது என்ன பள்ளிக்கூட மணி?''

விவரம் சொன்னேன். சிரிச்சாங்க. ''ஆயிரத்துக்கு இம்புட்டுன்னு கூலி. அஞ்சு நிமிசம் சும்மா இருந்தா அதை யாருல சுத்துவா?''

பதில் சொல்ல முடியலை. ஏன்னா நானும் பக்கக் கூலிக்காரன். மாசச் சம்பளக்காரருக்கு ரெஸ்ட்னா ரெஸ்ட். எண்ணிக்கைக் கூலிக்காரருக்கு ரெஸ்ட்னா நஷ்டம். அந்தப் பயம்தான் நம்மளை எழுந்திருக்க விடாம அழுத்துது. ஆனா களைச்ச கண்ணுக்கு 'ண'வும் 'ன'வும் ஒண்ணாத்தான் தெரியும். ப்ரூஃப் திருத்தற நேரம் ரெண்டு மடங்காகும். களைச்ச கை சுத்தின பீடியைக் கடையில கழிச்சு ஓரமாப் போட்டுடுவாங்க. உழைச்சதே வீண். அந்தக் கணக்கை யாரும் பார்க்கறதில்லை.

அம்மா வாதாடலை. ரெண்டு மூணு நாள் மணியைக் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தாங்க. ஒருநாள் பார்த்தா, மணி அடிச்சதும் தட்டை இறக்கி வெச்சுட்டு, முருங்கை மரம் வரைக்கும் நடந்து போயிட்டு வர்றாங்க! ''எங்கப்பாக்கு மில்லுல சங்கு ஊதும்லா? அது ஊதுனா யாரும் யாரையும் கேக்க வேண்டாம், எந்திச்சுப் போயிரலாம். எனக்குத்தான் ஊத ஆளில்லாம இருந்துச்சு'' என்றார்.

அன்னிலேருந்து ஸ்பீக்கர் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வெச்சிருக்கேன். ஒரு மாசம் கழிச்சுக் கேட்டேன். ''எண்ணம் ஒண்ணும் குறையலல'' என்றார். தைலம் இன்னும் தீர்ந்துக்கிட்டுதான் இருக்கு, ஆனா முன்னைவிட மெதுவா. டைமர் கூலியை உயர்த்தாது, வலியை ஒரேயடியா நீக்காது. 'நிறுத்து'ன்னு நமக்கு நாமே சொல்ல முடியாதப்போ, வெளியிலேருந்து ஒரு குரல் கொடுக்கும். அந்தக் குரலுக்கு 2 ஜி.பி. ராம்கூட அதிகம்தான்!

உங்களுக்கு 25 நிமிஷம் ஒத்து வரலைன்னா 40 வெச்சுக்கோங்க. தக்காளி கோவிச்சுக்காது. ஆனா மணி அடிச்சா எழுந்திருங்க. வீட்டுல தலை குனிஞ்சு வேலை பார்க்கற இன்னொருத்தர் இருந்தா, அவங்க காதுலயும் விழற மாதிரி வைங்க.

படிச்சு முடிச்சாச்சா? ஜன்னலுக்கு வெளியே 20 செகண்டு பாருங்க. டிங்!