வலக் கைப்பிடி

என் தந்தையார் எனக்கு விட்டுச் சென்றவற்றுள் இன்றளவும் ஓடிக்கொண்டிருப்பது ஒரு மோட்டார் சைக்கிள். தாப்பாவுக்கு அருகில் அவர் வேலை செய்த தோட்டத்தில் பால்மரங்கள் வீழ்த்தப்பட்டுச் செம்பனைக் கன்றுகள் நடப்பட்ட 1996ஆம் ஆண்டில், கைக்கு வந்த சிறு தொகையைக் கொண்டு அதனை வாங்கினார். ஹோண்டா இ.எக்ஸ்.5 என்பது அதன் பெயர். நம் நாட்டார் மலாய்க்காரர், சீனர், தமிழர் என்ற வேறுபாடின்றிக் 'கப்சாய்' என்று செல்லமாக அழைக்கும் இனத்தைச் சேர்ந்தது. 2011இல் தந்தையார் மறைந்தார். அன்று முதல் நான் அதில்தான் பள்ளிக்குச் சென்று வருகிறேன். தலைமையாசிரியர் காரில் வந்து இறங்க வேண்டாமா என்று பெற்றோர் சிலர் என் காதுபடவே பேசியதுண்டு. கார் வீட்டில் இருக்கிறது. அதற்குத் தந்தையாரின் கை தெரியாது.

கை என்று நான் சொல்வது அணிக்காக அன்று. அந்த வண்டியின் வலக் கைப்பிடியைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும். கைப்பிடியில் செருகியிருக்கும் கறுப்பு இரப்பர் உறையில் வழுக்காதிருக்க வரிவரியாய்ப் பள்ளங்கள் இட்டிருப்பார்கள் அல்லவா? தந்தையார் எப்பொழுதும் உறையின் வெளிக்கோடியைப் பற்றி ஓட்டுபவர். பதினைந்து ஆண்டுகள் அவர் உள்ளங்கை பட்ட இடத்தில் வரிகள் தேய்ந்து மறைந்து, மேற்புறத்தில் ஒரு குழிவே விழுந்துவிட்டது. என் கை அதற்கு ஓர் அங்குலம் உள்ளே தள்ளித்தான் இயல்பாகப் படியும். எத்தனையோ காலை வேளைகளில், சாலை விளக்கருகே நிற்கும்போது, என் கையை வெளியே நகர்த்தி அந்தக் குழிவில் வைத்துப் பார்த்திருக்கிறேன். பொருந்தியதில்லை.

இரப்பர் உறைகளுக்கும் மூப்பு உண்டு. வெயிலும் மழையும் காற்றும் அதனை உள்ளிருந்தே அறுக்கின்றன. சென்ற ஆண்டு அவை இளகிப் பிசுபிசுத்துப்போயின. பள்ளிக்கு வந்ததும் என் முதல் வேலை கை கழுவுவதாயிற்று. அப்படியும் மாணவர்களின் கட்டுரை ஏடுகளில் என் கட்டைவிரல் கறுப்பு முத்திரையாய் விழுந்தது. இடப்புற உறையோ பிடி தளர்ந்து திருகத் தொடங்கியது. இதனைச் சிறு குறை என்று தள்ளிவிட இயலாது. 1958இல் ஹோண்டா நிறுவனம் இவ்வகை வண்டியின் மூலவடிவத்தைச் சப்பானில் வெளியிட்டபோது, ஒரு கையில் உணவுத் தட்டேந்திச் செல்லும் கடைப்பையனும் மறு கையால் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்று எண்ணி, இடப்புறத்துக் 'கிளட்ச்' பிடியையே நீக்கிவிட்டார்கள். ஆதலால் இடக்கைக்கு நெம்பும் வேலை ஏதும் இல்லை. பற்றிக்கொள்வது ஒன்றே அதன் வேலை. அந்தப் பற்றே திருகினால்?

ஒரு சனிக்கிழமை புதிய இணை ஒன்றை வாங்கி வந்து நானே மாற்ற முனைந்தேன். இடப்புறத்துப் பழைய உறை இழுத்த இழுப்பில் வந்துவிட்டது. புதியது ஏற மறுத்தது. அடுக்களையிலிருந்து தேங்காய் எண்ணெயை எடுத்து உள்ளே நாலு சொட்டு விட்டேன், வழுக்கிக்கொண்டு ஏறிற்று. என் கைத்திறனை நானே மெச்சிக்கொண்டேன். வலப்புறத்து உறை அசையவில்லை. அது அசையாததில் எனக்கு உள்ளூர ஓர் ஆறுதலும் இருந்தது. அதனை அப்படியே விட்டுவிட்டேன்.

ஒன்பது நாள் கழித்து, அம்மாவைப் பின்னிருக்கையில் அமர்த்தி, இரத்த அழுத்த மாத்திரை வாங்க மருத்துவமனைக்குப் புறப்பட்டேன். எண்பதை நெருங்கும் அம்மாவுக்குக் காரில் ஏறினால் தலை சுற்றும், வண்டிதான் வேண்டும். தாப்பா ரோட் தொடர்வண்டி நிலையத்துச் சாலையில் ஒரு குழியைக் கண்டு விலக்கியபோது, இடக்கைப் பிடி உறையோடு கழன்று என் கையிலேயே வந்துவிட்டது. வண்டி வலப்பக்கம் இழுத்து, இடப்பக்கம் சாய்ந்து, சாலையோரப் புல்லில் படுத்தது. எதிரே வாகனம் ஒன்றும் இல்லாதது எங்கள் நற்காலம். எனக்கு முழங்கை சிராய்த்தது. அம்மா புல்லில் அமர்ந்தபடியே, என் கையிலிருந்த இரப்பர்த் துண்டை வாங்கி முகர்ந்தார்.

"என்னப்பா தடவினே?"

"தேங்காய் எண்ணெய்."

"ரப்பர்ல போயி எண்ணெய் தடவுவாங்களா? எண்ணெய் பட்டா ரப்பர் ஊதிப்போயிடுமே. கையில ஒட்டின பால நாங்க எதைப் போட்டுக் கழுவினோம்னு நெனைச்சே?"

மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அம்மா மாலைதோறும் விரலிடுக்குகளைத் துடைத்த காட்சி என் கண்முன் வந்தது. அந்த வாடையிலேதான் நான் வளர்ந்தேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்ததும், முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் நான் சொல்லிவருவதும் வேறு: 1876இல் விக்கம் பிரேசிலிலிருந்து வித்துகளைக் கொண்டு போனது; 1877இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளுள் 9 கன்றுகள் நம் பேரா மாநிலத்துக் கோலகங்சாருக்கு வந்தது; 1839இல் சார்லஸ் குட்இயர் இரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கி, வெயிலுக்கு இளகாமலும் குளிருக்கு வெடிக்காமலும் இருக்கச் செய்தது. மாணவர்களைக் கோலகங்சாருக்கு அழைத்துச் சென்று அந்த முதுமரத்தையும் காட்டியிருக்கிறேன். அத்தனையும் அறிந்த நான், கந்தகம் இட்டுப் பதப்படுத்திய பின்னும் இரப்பர் எண்ணெயைக் குடித்து வீங்கும் என்ற ஒன்றை மட்டும் என் கைக்குச் சொல்லாதிருந்தேன்.

மறுநாள் கடைத்தெருவில் பழுது பார்க்கும் சீனர் ஒருவரிடம் வண்டியைக் காட்டினேன். அவர் சிரித்தார். "கீரி லாயின், கானான் லாயின், சிக்கு" என்றார். இடம் வேறு, வலம் வேறு என்று பொருள். இடப்புறத்தில் உறை ஏறுவது வெறும் இரும்புக் குழாயின்மேல். அதன் விட்டம் 22 மில்லிமீட்டர். வலப்புறத்திலோ அதே குழாயின்மேல் முடுக்கியைச் சுழற்றும் நெகிழிக் குழல் ஒன்று இருக்கிறது. உறை ஏறுவது அதன்மேல். ஆகவே வலப்புறத்து உறையின் வாய் சற்றே அகன்றிருக்கும். ஒரே இணைதான், இரண்டும் ஒன்றல்ல. பிறகு அவர் வலக் கைப்பிடியைத் திருகிவிட்டுக் கையை எடுத்தார். அது துள்ளித் திரும்பவில்லை, மெல்ல ஊர்ந்தது. இளகிய பழைய உறை உள்நோக்கி நகர்ந்து, விசைப்பெட்டியின் விளிம்பில் உரசிக்கொண்டிருந்தது. முடுக்கி என்றேனும் ஒருநாள் திறந்தபடியே நின்றுவிடும் என்றார். இதைக் கத்தியால் கீறி எடுக்க வேண்டும், உள்ளே குழலில் கத்தி பட்டால் குழலையும் மாற்ற வேண்டும் என்றும் சொல்லிக் கத்தியைக் கையில் எடுத்தார்.

நான் வீட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். அவரிடம் காரணம் சொல்லவில்லை. சொன்னால் மலாய் மொழியில் அதற்கு எப்படிச் சொல் தேடுவது?

மூன்று நாள் வண்டி தாழ்வாரத்தில் நின்றது. நான் காரில் போனேன். மூன்றாம் நாள் மாலை, எழுதுபொருள் கடையில் வாங்கிய கத்தியோடு வண்டியின் முன் உட்கார்ந்தவன், எங்கே கீறுவது என்று தெரியாமல் உட்கார்ந்தே இருந்தேன். அம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து சற்று நேரம் பார்த்தார். உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் பால் வெட்டும் கத்தி இருந்தது. ஜெபோங் என்று சொல்லப்படும், நுனி மடிந்து வளைந்த கத்தி. துணியில் சுற்றிச் சாமி படங்களுக்குப் பின்னால் வைத்திருந்தாராம்.

"நகரு. நீ ஆழமா போட்டுருவே" என்றார்.

ஆழம் என்பது அவர் தொழிலின் உயிர்நிலை. பால்மரத்தில் பாலோடும் நுண்குழாய்கள் பட்டையின் உட்பகுதியில், மரத்தை ஒட்டியே செறிந்திருக்கின்றன. மேலோடு வெட்டினால் பால் குறையும். ஆழம் போனால் பட்டையை வளர்க்கும் மென்படலம் காயப்பட்டு, மரம் முண்டும் முடிச்சுமாய்ப் புண் ஆறும், பிறகு அவ்விடத்தில் கத்தியே ஓடாது. காயத்துக்கும் பாலுக்கும் இடையே இருப்பது ஒரு மில்லிமீட்டர் அளவே. ஒவ்வொரு முறையும் பழைய வெட்டின் விளிம்பிலேயே மெல்லிய சீவல் எடுத்தால் மரம் நெடுங்காலம் பால் தரும் என்று, 1888இல் சிங்கப்பூருக்கு வந்த தாவர இயலார் ரிட்லி கண்டு சொன்னார். தோட்டங்களுக்கு வித்துகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அலைந்த அவரைப் பைத்தியம் என்று பட்டப்பெயரிட்டு நகைத்த துரைமார்கள் பிற்பாடு அவரால் செல்வரானார்கள். ரிட்லியின் பெயரை அம்மா கேள்விப்பட்டதில்லை. இருட்டில், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நாளொன்றுக்கு நானூறு மரங்களுக்கு மேல் அந்த ஒரு மில்லிமீட்டரை அவர் விரல்கள் அறிந்து நடந்தன. கங்காணி காயங்களை எண்ணிக்கொண்டு பின்னால் வருவார்.

அம்மா முக்காலியில் அமர்ந்தார். உறையைச் சுற்றிலும் கட்டைவிரலால் தடவினார். தேய்ந்த குழிவின்மேல் விரல் ஒரு முறை நின்றது. அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிறகு குழிவுக்கு நேர் எதிரே, அடிப்புறத்தில், வரிகள் தேயாதிருந்த இடத்தைத் தேர்ந்து, கத்தியின் மூக்கை வைத்துத் தம்மை நோக்கி இழுத்தார். நடுங்கும் கை என்று மருந்துச் சீட்டில் குறித்திருந்த கை அது. மூன்று இழுப்பு. மூன்றாவதில் இரப்பர் இரண்டாய்ப் பிளந்து வாய் திறந்தது. நான் குனிந்து பார்த்தேன். உள்ளே வெண்மையான நெகிழிக் குழலில் ஒரு கோடும் இல்லை.

"காயம் இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லம்மா."

"ம்" என்றார். அவ்வளவுதான்.

புதியதைச் செருகுவதற்கு அந்தச் சீனர் ஒரு வழி சொல்லியிருந்தார். பெண்கள் முடி படியத் தெளிக்கும் குப்பியை வாங்கி, குழாயைத் துடைத்து உலர்த்தி, உறையின் உள்ளே தெளித்து உடனே ஏற்ற வேண்டும். ஈரமாய் இருக்கும் சில நொடிகள் வழுக்கும், உலர்ந்தபின் ஒட்டிக்கொள்ளும். வழுக்கைத் தலையோடு நான் அந்தக் குப்பியைக் கேட்டபோது கடைப்பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஏற்றினேன். வலப்புறம் விசைப்பெட்டியில் உரசாதபடி இரண்டு மில்லிமீட்டர் இடம் விட்டேன். ஓர் இரவு முழுதும் தொடவில்லை. காலையில் முடுக்கியைத் திருகி விட்டேன். 'டக்'கென்று திரும்பி நின்றது.

அம்மா புதிய உறையை அழுத்திப் பார்த்து, "நல்லா இருக்கு. எந்தத் தோட்டத்துப் பாலோ" என்றார். இப்பொழுது இத்தகைய உறைகளுள் பல எண்ணெய்க் கிணற்றிலிருந்து பிறக்கும் செயற்கை இரப்பரால் ஆனவை. 1980களின் இறுதி வரை இயற்கை இரப்பரில் உலகின் முதலிடத்தில் இருந்த நம் நாடு, இன்று கையுறை ஆலைகளுக்கு வேண்டிய பாலை வெளிநாடுகளிலிருந்து இறக்குமதி செய்கிறது. ஆசிரியன் என்ற முறையில் இதனை நான் அவருக்கு விளக்கியிருக்கலாம். "ஆமாம் அம்மா" என்றேன்.

பிளந்தெடுத்த பழைய உறையை என் மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்ள எண்ணியிருந்தேன். தாழ்வாரத்தில் தேடினேன், காணவில்லை. குப்பைக்காரர் வந்து போயிருந்தார். கேட்கவும் மனம் வரவில்லை. மாலையில் பள்ளியிலிருந்து திரும்பியபோது அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். அவருடைய கைத்தடியின் தலைப்பில் அந்த உறை ஏறியிருந்தது. பிசுபிசுப்புப் போக முகப்பூச்சு மாவு தடவி, பிளவை அடிப்பக்கம் வைத்து, நூல் கயிற்றால் மூன்று இடத்தில் இறுகக் கட்டியிருந்தார். தேய்ந்த குழிவு மேல்நோக்கி இருந்தது. அதன்மேல் அவர் உள்ளங்கை படிந்திருந்தது.