யூஸ்டன் ரோட்டுக்குப் போகும் முன்

அன்புள்ள கண்ணம்மா,

உன் கடிதம் கிடைத்தது. லண்டனில் 1900-களில் நடந்த குழந்தைச் சாவுகளைப் பற்றித்தான் எழுதப் போகிறாய் என்று முடிவானதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். யூஸ்டன் ரோட்டிலுள்ள வெல்கம் கலெக்‌ஷன் நூலகத்தில் போய் என்னத்தைக் கேட்பது என்று எழுதியிருந்தாய். அடையாள அட்டை கொண்டு போனால் காசில்லாமல் உறுப்பினராகிவிடலாம். மருந்துக் கம்பெனி முதலாளி ஹென்றி வெல்கம் ஊர் ஊராக ஆளனுப்பி வாங்கிக் குவித்ததில் உருவான இடம் அது. மனுஷன் பல பெட்டிகளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் 1936-ல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆனால் உடனே கிளம்பி ஓடாதே. லண்டன் சுகாதார அதிகாரிகளின் ஆண்டறிக்கைகள், 1848 முதல் 1972 வரை, 5,500-க்கும் மேல், அந்த நூலகத்தாரே இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அவற்றில் உனக்கு வேண்டியதை உன் அறையிலேயே உட்கார்ந்து படித்து முடி. 1911-ம் வருஷ அறிக்கைகளில் தொடங்கு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயது நிரம்பும் முன் இறந்தவை 1910-ல் 105, 1911-ல் 130, 1912-ல் 95. நடுவில் ஏன் அப்படி ஏறியது? அந்த வருஷக் கோடையின் கடும் வெயில், ஈ, கெட்ட பால், வயிற்றுப்போக்கு. எந்தப் பேட்டையில் எத்தனை பேர் என்று வார்டு வாரியாக அட்டவணை இருக்கும். பால்கடைச் சோதனை, மாட்டுக்கொட்டகைச் சோதனைப் பக்கங்களையும் விட்டுவிடாதே. எல்லாரும் சாவுக் கணக்கோடு நிறுத்திவிடுகிறார்கள்.

படிக்கும்போது ஒன்று உன் கண்ணில் படும். அறிக்கையில் கையெழுத்துப் போடுபவர் டாக்டர். வீடு வீடாக மாடிப்படி ஏறி, பிள்ளைக்கு என்ன கொடுக்கிறாய் என்று கேட்டு வந்தவர்களில் பலர் பெண்கள். அவர்கள் "இத்தனை வீடுகள் பார்வையிடப்பட்டன" என்ற ஓர் எண்ணாகச் சுருங்கிப் போயிருப்பார்கள். தாயின் அறியாமைதான் காரணம் என்று அதிகாரி எழுதுவார். பல குடும்பங்களுக்குச் சேர்த்து ஒரே குழாய் என்பது இன்னோர் அத்தியாயத்தில் கிடக்கும். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டியது உன் வேலை. ஃபேபியன் சங்கத்துப் பெண்கள் அதே காலத்தில் லாம்பெத் வீடுகளுக்கு வாராவாரம் போய் வரவு செலவு கேட்டு எழுதினார்கள். மாட் பெம்பர் ரீவ்ஸ் அதை 1913-ல் புத்தகமாக்கினார். அறிக்கையைப் படித்த கையோடு அதைப் படி. அறியாமை என்று சொன்னவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

நூலகத்துக்கு நேரில் போக வேண்டியது இதற்கு அப்புறம்தான். ஆவணங்களைப் பொருள் வாரியாக அடுக்கமாட்டார்கள். யார் வைத்திருந்தார்களோ அவர்கள் பெயரில்தான் கட்டு இருக்கும். அதனால் "குழந்தைச் சாவு" என்று தேடினால் கொஞ்சம்தான் வரும். இதை யார் எழுதி வைத்திருப்பார்கள் என்று யோசி. பெண் சுகாதார ஆய்வாளர்கள் 1896-ல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். பிற்பாடு வீடு தேடிப் போகும் சுகாதாரப் பணியாளர்களின் சங்கமாக அது மாறியது. அதன் காகிதங்கள் அங்கேதான் இருக்கின்றன. அந்தப் பெண்களை அங்கே தேடு.

கோப்புகளை முன்கூட்டியே ஆர்டர் செய். பேனா கூடாது, பென்சில்தான். ஃப்ளாஷ் இல்லாமல் படம் எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கோப்பிலும் முதல் படம் அதன் எண்ணாக இருக்கட்டும், இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்து எது எதிலிருந்து என்று தலையைப் பிய்த்துக்கொள்வாய். தனி மனிதர்களின் நோய் விவரம் உள்ள சிலவற்றுக்கு உறுதிமொழிப் படிவம் கேட்பார்கள். சில இன்னும் பல வருஷம் மூடியே இருக்கும். எரிச்சல்படாதே. அந்த நோயாளிகளின் பேரன் பேத்திகள் உயிரோடிருக்கலாம்.

உன் ஆய்வுக்கு எனக்குத் தோன்றும் ஒரு கேள்வி. பாட்டர்ஸீயில் 1902-ல் நகராட்சியே பால் நிலையம் திறந்து, கிருமி நீக்கிய பாலைப் புட்டியில் விற்றது. செயின்ட் பான்கிராஸில் 1907-ல் தாய்மார் பள்ளி என்று தொடங்கி, பாலூட்டும் பெண்களுக்கு மலிவாகச் சாப்பாடு போட்டார்கள். ஒரு பேட்டை பிள்ளையின் புட்டியைக் கவனித்தது, மற்றது தாயின் வயிற்றை. இரண்டு பேட்டைகளின் அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நல்ல அத்தியாயம் கிடைக்கும். எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும், ஆனால் என் விருப்பத்தைப் பார்த்து நீ எழுதாதே. அந்தப் பள்ளி இருந்த சால்ட்டன் தெரு, நூலகத்துக்கு எதிர்ப்பக்கம் யூஸ்டன் ரோட்டைக் கடந்தால் நடை தூரம்தான்.

ஆர்டர் போடப் போகும் கோப்புகளின் பட்டியலை முதலில் எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். அப்பாவிடம் பணம் பற்றி நீ பேச வேண்டாம்; என் தம்பியிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் அத்தை