ஜீனும் ஜின்னும்

பாண்டிச்சேரிக்காரன் என்று சொன்னால் வெளியூரில் இரண்டே கேள்விதான். முதல் கேள்வி, "ஃப்ரெஞ்ச் பேசுவீங்களா?" இரண்டாவது கேள்வி வாயால் வராது. கட்டை விரலை வாய்ப்பக்கம் சாய்த்துக் காட்டுவார்கள். இரண்டுக்கும் "இல்லை" என்றால், ரேஷன் கார்டைக் காட்டினால்தான் நம்புவார்கள்.

எனக்கு உள்ளூரிலேயே மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. தாத்தா குடித்தார். அப்பாவும் குடித்தார், ஐம்பத்திரண்டு வயசில் கல்லீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவுக்கே தெரிந்த கதை. எனக்குப் பெண் பார்த்தபோது தரகர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "பையன் பி.காம்., பத்திரிகையில எழுதறான், எல்லாம் சரிம்மா. ஆனா குடி ரத்தத்துலயே ஓடுதோன்னு பொண்ணு வீட்டுல பயப்படறாங்க" என்றார். அம்மா பதில் பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

இப்போது சித்தப்பா பையன் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். சம்பளத் தேதி வந்தால் ஆபீஸ் நண்பர்களோடு பார்ட்டி. கேட்டால், "நம்ம ஜீன்லயே இருக்குண்ணே, நான் என்ன செய்ய? ஆனா ஒண்ணு, நாலு ரவுண்டு போனாலும் நான் ஸ்டெடி" என்று சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

தரகர் சொன்னது முழுப் பொய் இல்லை ஸார். டென்மார்க்கில் ஓர் ஆராய்ச்சி. பெற்றவர் குடிநோயாளி, பிள்ளையோ பிறந்த ஆறு வாரத்துக்குள் பிரிக்கப்பட்டு, வேறு வீட்டுக்குத் தத்துப் போனவன். அப்படி 55 ஆண்களை எடுத்துக்கொண்டு, டொனால்ட் குட்வின் என்ற டாக்டரின் குழு 1973-ல் முடிவை வெளியிட்டது. அவர்களில் 18 சதவீதம் பேர் குடிநோயாளி ஆகியிருந்தார்கள். அந்தப் பின்னணி இல்லாத மற்ற தத்துப் பிள்ளைகளில் 5 சதவீதம்தான். அப்பாவின் பாட்டிலைக் கண்ணால் பார்க்காதவனுக்கும் ஏதோ வந்து சேர்ந்திருக்கிறது!

ஆனால் நான் காமர்ஸ் படித்தவன். 18 என்றதும் மீதி 82 எங்கே என்றுதான் கை தேடும். 55 பேரில் 45 பேருக்கு அந்த வியாதி வரவில்லை. ஆக, ஜீன் என்பது ஓப்பனிங் பேலன்ஸ். சிலருக்குக் கொஞ்சம் கடனோடு கணக்கு தொடங்குகிறது, அவ்வளவுதான். வருஷக் கடைசிக் கணக்கை யாரும் பிறக்கும்போதே எழுதி வைப்பதில்லை.

அடுத்தது, தம்பியின் 'ஸ்டெடி'. கலிஃபோர்னியாவில் மார்க் ஷக்கிட் என்ற டாக்டர், குடிநோயாளிகளின் மகன்களுக்கு இருபது வயசு வாக்கில் அளவாக மது கொடுத்து, எவ்வளவு போதை ஏறுகிறது என்று பார்த்தார். சுமார் பத்து வருஷம் கழித்து அவர்களையே தேடிப் பிடித்தார். 1994-ல் வந்த முடிவு இது. சீக்கிரம் போதை ஏறியவர்களில் 14 சதவீதம் பேர் குடிநோயாளி ஆனார்கள். அசையாமல் ஸ்டெடியாக நின்றவர்களில்? 56 சதவீதம்! காரணம் புரியாததல்ல. இரண்டாவது ரவுண்டிலேயே தலை சுற்றுகிறவனுக்கு உடம்பே பிரேக் போடுகிறது. ஸ்டெடி ஆசாமிக்குப் பிரேக் பிடிப்பதில்லை. நாம் அவனுக்குக் கை தட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஜப்பான், சீனா, கொரியா பக்கம் சுமார் மூன்றில் ஒருவருக்குப் பிறவியிலேயே பிரேக் உண்டு. மதுவைச் செரித்து வெளியேற்றும் ஓர் என்ஸைம் அவர்களுக்குச் சரியாக வேலை செய்யாது. கொஞ்சம் குடித்தாலே முகம் சிவந்து, நெஞ்சு படபடக்கும். குடியை நிறுத்த டாக்டர்கள் கொடுக்கும் டைசல்ஃபிரம் மாத்திரை செய்வதும் இதே வேலைதான். (இதைச் சாம்பாரில் ரகசியமாகக் கலந்து கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். தெரியாமல் மேலே குடித்தால் உயிருக்கே ஆபத்து.) நம்மவர்களுக்கு அந்தப் பிறவிப் பிரேக் கிடைப்பது அபூர்வம்.

சரி, மீதி எதில் இருக்கிறது? சனிக்கிழமை சாயங்காலம் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக பாண்டியில் வந்து இறங்கும் இளைஞர்களைப் பாருங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை கம்ப்யூட்டர் முன்னால் ஒழுங்காக உட்கார்ந்திருந்த அதே பையன்கள், அதே ஜீன். மாறியது இரண்டுதான்: பாட்டில் விலை, பக்கத்து நாற்காலி.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். குடும்பத்தில் குடி இருந்தால் அது சாக்கு இல்லைடா, முன்கூட்டி வந்த நோட்டீஸ். மற்றவன் இரண்டோடு தப்பிக்கலாம், நீயும் நானும் ஒன்றைத் தொடாமல் இருப்பதே லாபம். ஏற்கெனவே கை நடுங்க ஆரம்பித்திருந்தால் வெட்கப்படாமல் கோரிமேடு ஜிப்மரில் மனநலப் பிரிவுக்குப் போகலாம், நானும் கூட வருகிறேன் என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அப்ப பார்ட்டிக்கே போகக் கூடாதாண்ணே?"

"தாராளமாப் போ. சிக்கன் சிக்ஸ்டிஃபைவ் உனக்குத்தான். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க. ஜீன் தாத்தா குடுத்தது, திருப்பிக் குடுக்க முடியாது. ஜின் கடைக்காரன் குடுக்கறது. வேணாம்னு சொல்லலாம்."