வக்கீல் இல்லாமல் கோர்ட்டுக்குப் போன சித்தி

உங்கள் வழக்கை நீங்களே நடத்தலாம். 1908-ம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. ஆனால், சட்டம் அனுமதிப்பது வேறு, கோர்ட் கவுன்ட்டரைத் தாண்டுவது வேறு. எங்கள் சித்தியுடன் அலைந்த நாள்களில் அதைப் பார்த்தேன்.

சித்தி டெய்லர். தெரிந்தவர் ஒருவருக்குப் புரோநோட்டில் 2 லட்சம் ரூபாய் கொடுத்திருந்தார். பணம் திரும்பி வரவில்லை. நோட்டு எழுதிய தேதியிலிருந்து 3 வருடத்துக்குள் வழக்கு போடாவிட்டால் அது வெறும் காகிதம். வக்கீல் ஃபீஸ் கட்டுப்படியாகாது என்று, கெடு முடிய இரண்டு மாதம் இருக்கும்போது தானே பிராது எழுதிக்கொண்டு முன்சீப் கோர்ட்டுக்குப் போனார். கோர்ட் கட்டணம் 3 சதவிகிதம், அதாவது 6,000 ரூபாய். (2017-க்கு முன்பு என்றால் ஏழரை சதவிகிதம்!) எல்லாம் தையல் கூலியில் சேர்த்த காசு.

மூன்று முறை பிராது திரும்பியது. முதல்முறை, கடைசியில் இருக்க வேண்டிய உறுதிமொழிப் பகுதி இல்லை. அடுத்து, எதிராளிக்குக் கொடுக்க நகல் இல்லை, சம்மன் அனுப்ப பேட்டா கட்டவில்லை. மூன்றாவது முறை ஆவணப் பட்டியல். மூன்றையும் முதல் நாளே சொல்லியிருக்கலாம். திருப்புகிற காரணத்தை ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்தார்கள். தமிழில் எழுதிய பிராதுக்கு ஆங்கிலத்தில் பதில் எதற்கு என்று எனக்கு இன்றும் புரியவில்லை. குறித்த நாளுக்குள் சரிசெய்து கொடுக்காவிட்டால், தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு வேறு. இதற்குள் 3 வருடக் கெடுவும் தாண்டிவிட்டது. அந்தப் பிராது நிராகரிக்கப்பட்டால் புதிதாகப் போட வழியே இல்லை. சித்தி தூங்காத வாரம் அது.

நம்பர் விழுந்த பிறகு வேறு தலைவலி. 'அடுத்த மாசம் தந்துடறேன்க்கா' என்று எதிராளி அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜை சித்தி பிரின்ட் எடுத்து வைத்திருந்தார். அது போதாதாம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டப்படி கூடவே சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியை அவர் நிரப்ப வேண்டும், இன்னொரு பகுதியை ஒரு நிபுணர். பிளவுஸ் தைப்பவர் நிபுணருக்கு எங்கே போவார்? வாய்தா தேதியை மட்டும் இ-கோர்ட்ஸ் ஆப்பில் 16 இலக்க எண்ணைப் போட்டு நான் பார்த்துச் சொல்லிவிடுவேன். பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் வழக்கு தள்ளுபடியாகலாம். 30 நாளுக்குள் மனு போட்டு மீட்க வேண்டும். அதனால் வாய்தா நாளில் கடைக்குப் பூட்டுதான்.

எனக்குக் கோபம் வந்தது இதற்கெல்லாம் அல்ல. 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவானாலும், இலவச வக்கீல் உண்டு. பிராது எழுதவும், ஏன், கோர்ட் கட்டணத்துக்கும்கூட உதவி கேட்கலாம். அந்த அலுவலகம் அதே வளாகத்தில், கேன்டீனுக்குப் பின்னால் இருந்தது. மூன்று முறை பிராதைத் திருப்பியவர்களில் ஒருவர்கூட அந்தப் பக்கம் கைகாட்டவில்லை. 15100 என்ற இலவச உதவி எண்ணுக்கு போன் செய்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

இப்போது ஒரு வக்கீலம்மா வருகிறார். முதல் நாள் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பிராது நீங்களே எழுதினதா?" என்று கேட்டார். ஆமாம் என்றார் சித்தி, கொஞ்சம் கெத்தாக. குறுக்கு விசாரணை அடுத்த மாதம்.