தார் சுற்றியவளுக்கு எத்தனை புள்ளி?

2020 டிசம்பர். கல்லூரி மூடிக் கிடந்தது. கைப்பேசியில் வகுப்பெடுத்துக்கொண்டு இளம்பிள்ளைக்குப் பக்கத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். பெங்களூரு வேலையை வீட்டிலிருந்தே பார்த்துவந்த அக்கா மகன், ராத்திரியானால் நிண்டெண்டோ ஸ்விட்சோடு திண்ணைக்கு வந்துவிடுவான். அவன் ஆடியது 'பயர் எம்பிளம்' வரிசையின் முதல் ஆட்டம். ஜப்பானில் 1990-இல் வந்தது, ஆங்கிலத்தில் அந்த மாதம்தான் வெளியாகியிருந்தது.

படை திரட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போரிட வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு வகுப்பு, அந்த வகுப்புக்கே உரிய திறன். கிராமத்துக்குள் போய்ப் பேச இளவரசன் மார்த்தால்தான் முடியும். பறக்கும் குதிரையில் ஏறுகிறவர்கள் பெண்கள் மட்டும். காயம் ஆற்றுகிறவர்களின் கையில் கோல் இருக்கும், ஆயுதம் இருக்காது. வாள்வீரர்களாகவே சேர்த்தால் படை நாலு சுற்றில் முடிந்துவிடும். அதனால் லீனா என்ற பெண்ணைக் கூடவே கூட்டிக்கொண்டு போனான்.

"இவ மட்டும் ஏன் வளரவே மாட்டேங்கிறா?" என்று கேட்டேன்.

"வெட்டுனா அனுபவப் புள்ளி வரும் சித்தி. ஆத்துனா வராது. எதிரி இவள அடிச்சு, அதுல சாகாமப் பொழைச்சா கொஞ்சம் வரும்."

அதனால் வலுவில்லாத எதிரியாகப் பார்த்து அவன் முன்னால் லீனாவைக் கொண்டுபோய் நிறுத்தினான். அடி வாங்கி வளரட்டும் என்று! ஆற்றுகிறவர்களில் ரிஸ் என்று ஒரு கிழவரும் உண்டு, விதி அவருக்கும் அதேதான். ஆனால் எனக்கு லீனாதான் கண்ணில் நின்றாள்.

அப்பா குழித்தறியில் சேலை நெய்தார். அம்மா ராட்டையில் தார் சுற்றுவாள். பாவு தீர்ந்தால் பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாகப் பிணைப்பாள். ஆயிரக்கணக்கான இழைகள். அந்த இரண்டு நாளும் சோறு எங்கள் பொறுப்பு. தார் இல்லையென்றால் நாடா ஓடாது, நாடா ஓடாவிட்டால் கூலி இல்லை. கூலியோ சேலைக்கு இவ்வளவு என்றுதான். முதலாளியின் நோட்டில் அப்பா பெயர் மட்டும் இருக்கும். அம்மாவைத் தறியில் உட்கார அப்பா விட்டதில்லை. "அது உனக்கு வராது" என்பார். ஒருநாளும் உட்கார்ந்து பார்க்காதவளுக்கு எப்படி வரும்?

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பும் வகுப்புப் பிரித்துத்தான் எண்ணியது: நெசவாளர் 26.73 லட்சம், துணைத் தொழிலாளர் 8.48 லட்சம். தார் சுற்றுகிறவள் இரண்டாவதில் வருவாள். 'துணை' என்ற சொல்லோடு எனக்குச் சண்டை உண்டு. (எங்கள் துறை விழாவில் ஆய்வுரை ஆண்களுக்கு, வரவேற்புரை எனக்கு. பதினைந்து வருடமாக அதே படையமைப்பு.) ஆனால் அரசாங்கம் அந்த அளவுக்காவது அவளை எண்ணியிருக்கிறது. நான் எண்ணவில்லை.

பள்ளியில் தொடங்கி முனைவர் பட்டப் பதிவு வரை எத்தனை படிவம் நிரப்பியிருப்பேன்! தந்தை தொழில்: நெசவு. தாய் தொழில்: இல்லத்தரசி. யாரும் சொல்லித் தந்து எழுதவில்லை. சங்க இலக்கியத்தில் பெண்ணின் உழைப்பு பற்றி வகுப்பில் ஒரு மணி நேரம் பேசுகிறவள் நான். புறநானூற்றில் பருத்தி வேலை செய்யும் பெண்ணுக்குப் பெயரில்லை என்று மாணவிகளிடம் வருத்தப்பட்டிருக்கிறேன். வீட்டில் ராட்டைச் சத்தத்தில்தான் அந்தப் பாடங்களைப் படித்தேன்.

அன்றிரவு அம்மாவிடம் படிவத்தைப் பற்றிச் சொன்னேன். "அதுல என்ன இருக்குது, நீ வேல வாங்கிட்டியே" என்றாள். ஆனால் எழுந்து போகவில்லை. விளையாட்டைப் பார்த்தபடி இருந்தாள்.

"ஏன்டா கண்ணு, அந்தப் புள்ளைக்குக் கூலியே கெடையாதா?"

"பின்னாடி வந்த ஆட்டத்துல எல்லாம் மாத்திட்டாங்க அம்மாயி. ஆத்துனாலும் புள்ளி உண்டு."

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"செரி, அதுக்கு முன்னாடி ஆத்துனதுக்கு?"

அவன் என்னைப் பார்த்தான்.