ஒரே நாளில் எட்டு இடங்கள்



ஐரோப்பாவுக்குச் சுற்றுலா சென்று வந்தவர்கள், பாரிஸ் மாநகரத்தை ஒரே பகலில் ஓடி ஓடிப் பார்த்த கதையைச் சொல்ல நீங்கள் கேட்டிருப்பீர்கள். நானும் என் கணவரும் பாரிஸுக்குப் போனதில்லை. ஆனால் ஒரு காலத்தில் ‘கிழக்கின் பாரிஸ்’ என்று புகழப்பட்ட ஒரு சிறு தீவையும், அதற்கு எதிரே மேட்டின்மேல் அமைந்த நகரத்தையும் கடந்த ஜனவரியில் ஒரே நாளில் ஓடி ஓடிப் பார்த்தோம். அந்த நகரம், 2024-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்றிருக்கும் போர்ட் பிளேயர். நாங்கள் தங்கியிருந்த ஊர், அதற்கு மேற்கே உள்ள சௌல்தாரி என்னும் கிராமம். அங்கே என் மூத்த அக்காள் வாழ்க்கைப்பட்டு இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் போனால் ஏறக்குறைய மூன்று நாட்கள். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். எங்களுக்குக் கிடைத்த விடுப்போ நான்கே நாட்கள். ஆகையால் என் கணவர் சென்னையிலேயே ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தார். ஒரே நாளில் எட்டு இடங்கள்! எந்த இடத்தில் எத்தனை நிமிடம் என்பதுகூட அதில் இருந்தது.

விடியற்காலைப் பயணம்

அந்தமானில் சூரியன் நம் சென்னையைவிட ஏறக்குறைய ஐம்பது நிமிடம் முன்னதாக உதிக்கிறது. கடிகாரமோ இந்தியா முழுவதற்கும் ஒன்றுதான். ஆகவே ஆறு மணிப் பேருந்துக்கு நாங்கள் நின்றபோது நன்றாகவே விடிந்திருந்தது. அக்காள் இட்டிலியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, சாலைவரை வந்து வழியனுப்பினாள். “நீயும் வாயேன் அக்கா” என்று ஒப்புக்கு ஒரு வார்த்தை சொன்னேன். “எனக்கென்ன, நான் இங்கேயே இருக்கிறவள்தானே! நீங்கள் பார்த்து வாருங்கள்” என்றாள். நான் மறுபடியும் அழைக்கவில்லை.

பாக்குத் தோப்புகளையும் தென்னைகளையும் கடந்து பேருந்து சிப்பிகாட் வந்தது. சாலையின் இருபுறமும் தேங்கிய நீர்ப்பரப்பு. அதில் வெள்ளைக் கொக்குகள். “என்ன அழகு!” என்று ஓடும் பேருந்திலிருந்தே இரண்டு புகைப்படங்கள் எடுத்துக்கொண்டேன்.

ஓட்டமும் நடையும்

முதலில் சாத்தம். நகரத்தோடு ஒரு பாலத்தால் இணைக்கப்பட்ட குட்டித் தீவு இது. 1789-இல் ஆர்ச்சிபால்ட் பிளேயர் என்னும் கடற்படை அதிகாரி அமைத்த முதல் ஆங்கிலேயக் குடியிருப்பு இங்கேதான் இருந்தது. காய்ச்சலும் மரணமும் மிகுந்ததால் 1796-இல் ஆங்கிலேயர் இத்தீவுகளையே கைவிட்டுப் போனார்கள். 1858 மார்ச்சில் 200 கைதிகளோடு மறுபடியும் வந்தார்கள். 1883-இல் நிறுவப்பட்ட மர அறுவை ஆலை சாத்தத்தில் இன்றும் இருக்கிறது. செந்நிறப் படாக் மரத்தின் வாசனை மூக்கில் ஏறுகிறது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த பள்ளத்தையும் காட்டுகிறார்கள். எங்கள் பட்டியலில் இதற்கு முப்பது நிமிடம்.

அடுத்து மானிடவியல் அருங்காட்சியகம். கிரேட் அந்தமானியர், ஒங்கே, ஜாரவா, சென்டினல், நிக்கோபாரியர், ஷோம்பென் என்னும் தொல்குடிகளின் வில்லும் கூடையும் படகும் அங்கே உள்ளன. அதன்பின் கடற்படையின் சமுத்ரிகா அருங்காட்சியகம். அங்கே ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூட்டைத் தவிர எனக்கு வேறொன்றும் நினைவில் இல்லை. “நேரமாகிறது, நேரமாகிறது” என்ற என் கணவரின் குரலே இன்னமும் காதில் நிற்கிறது.

சிறையின் சுவர்

பத்தரை மணிக்குச் செல்லுலார் சிறைக்குள் நுழைந்தோம். இங்கே மட்டும் எங்கள் கால்கள் தாமாகவே மெதுவாயின.

1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட சிறை இது. நடுவில் ஒரு காவல் கோபுரம். அதிலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப்போல ஏழு மூன்றடுக்குக் கட்டடங்கள். அவற்றில் மூன்றே இன்று எஞ்சியுள்ளன. 690-க்கும் மேற்பட்ட அறைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மனிதன். அறை நாலரை மீட்டர் நீளம், 2.7 மீட்டர் அகலம். காற்றுக்கு, கைக்கெட்டாத உயரத்தில் ஒரு சிறு சாளரம். ஒரு வரிசையின் வாசல்கள் அடுத்த வரிசையின் முதுகைப் பார்க்கும்படி கட்டியிருக்கிறார்கள். எனவே ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைக் காண வழியில்லை. நூற்றுக்கணக்கானோர் ஒரே கூரையின்கீழ் ஆண்டுக்கணக்காய் இருந்தும் தனித்தனியே இருந்தார்கள். செக்கில் மாட்டைப்போல் மனிதரைப் பூட்டி எண்ணெய் ஆட்டச் செய்த கொடுமையை அங்குள்ள காட்சிப் பொருள்கள் சொல்கின்றன. 1933-இல் நடந்த உண்ணாவிரதத்தில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மைத்ரா ஆகிய மூவர் உயிர் நீத்தார்கள். 1937-இல் மறுபடியும் உண்ணாவிரதம். அதன் பிறகே அரசியல் கைதிகள் தாய்நாட்டுச் சிறைகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1979-இல் இச்சிறை தேசிய நினைவுச் சின்னமாக்கப்பட்டது.

ஓர் அறைக்குள் நான் போய் நின்றேன். என் கணவர் வெளியே நின்று புகைப்படம் எடுத்தார். கம்பிகளுக்கு நடுவே அவருடைய முகத்தைப் பார்த்தபோது எனக்குள் ஏதோ உறுத்தியது. காலையிலிருந்து இடங்களின் பெயரையும் நேரத்தையும் தவிர நாங்கள் ஒருவரோடொருவர் எதுவுமே பேசிக்கொள்ளவில்லை.

கிழக்கின் பாரிஸ்

பிற்பகலில் படகேறி ராஸ் தீவுக்குப் போனோம். 2018 முதல் இதன் பெயர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இந்நிலத்திலிருந்துதான் ஆங்கிலேயர் அந்தமானை ஆண்டார்கள். ஆணையரின் மாளிகை, நடன மண்டபம், ரொட்டிக்கூடம், அச்சகம், நீச்சல் குளம் என எல்லா வசதிகளும் இங்கே இருந்தன. எதிர்க்கரையில் கைதிகள் செக்கிழுத்த காலத்திலும் இங்கே விருந்துகள் நடந்தன. 1941 ஜூன் மாத நிலநடுக்கத்தில் கட்டடங்கள் சிதைந்தன. 1942 மார்ச்சில் ஜப்பானியர் வந்தார்கள். இன்று அத்தி மரத்தின் வேர்கள் அந்தச் சுவர்களை விழுங்கிக்கொண்டு நிற்கின்றன. மான்கள் அருகே வந்து நம் கையைப் பார்க்கின்றன.

அங்கே கூரையில்லாத தேவாலயம் ஒன்று உண்டு. கல்சுவர்கள் நிற்கின்றன, ஜெபித்தவர்களும் இல்லை, பாடினவர்களும் இல்லை. எதிர்க்கரையில் முனகல் கேட்டுக்கொண்டிருக்க, இங்கே அமர்ந்திருந்தவர்கள் என்ன ஜெபித்திருப்பார்கள் என்று நினைத்தேன். நின்று யோசிக்க நேரமில்லை; படகுக்காரர் அழைத்துவிட்டார்.

அபர்தீன் கடைத்தெருவில் சிப்பி மாலைகள் வாங்கி, ஆட்டோ பிடித்துக் கார்பின்ஸ் கோவ் கடற்கரைக்கு விரைந்தோம். சூரியன் முந்தி உதிக்கும் ஊரில் முந்தியே மறையும் என்பதை எங்கள் பட்டியல் மறந்துவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இருட்டு. அலைச் சத்தம் மாத்திரம் கேட்டது. எட்டாவது இடமான சிறையின் ஒலி-ஒளிக் காட்சிக்குக் காத்திருந்தால் சௌல்தாரிக்குப் பேருந்து தவறிவிடும் என்றார்கள். கடுகடுத்த முகங்களோடு திரும்பினோம்.

அக்காள் கேட்ட கேள்வி

இரவு உணவின்போது அக்காள் ஆவலோடு கேட்டாள்: “அந்தச் சிறை உள்ளே எப்படி இருக்கும்?”

நான் திகைத்துப் போனேன். “நீ பார்த்ததே இல்லையா அக்கா?”

“மதிலை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போவேன். உள்ளே போக நேரம் ஏது? யார் கூட்டிப்போக?” என்று சிரித்தாள்.

நான் பேச்சை மாற்ற எண்ணி, சிப்பிகாட்டில் எடுத்த படங்களைக் காட்டினேன். அத்தான் கைப்பேசியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு தண்ணீரின் ஒரு மூலையில் விரலை வைத்து, “நம்முடைய வயல் இங்கேதான் இருந்தது” என்றார்.

2004 டிசம்பர் 26 அன்று நிலம் அதிர்ந்து, சுனாமி வந்தது உங்களுக்குத் தெரியும். அந்நாளில் தெற்கு அந்தமானின் நிலமே ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்துவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. ஆகையால் சிப்பிகாட்டில் ஏறிய கடல்நீர் திரும்பிப் போகவில்லை. நெல் விளைந்த பூமி உவர்நீராயிற்று. “கல்யாணமாகி வந்து ஒரே ஓர் அறுவடைதான் பார்த்தேன்” என்றாள் அக்காள். அதன்பின் அத்தான் கூலி வேலைக்குப் போனதும், அவள் தையல் இயந்திரம் வாங்கியதும் எங்களுக்குக் கடிதத்தில் வந்த செய்திகள். வயல் எங்கே இருந்தது என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. காலையில் அதைத்தான் “என்ன அழகு!” என்று சொல்லிக் கடந்து போனேன்.

மறுநாள் வண்டூர் போய்க் கண்ணாடிப் படகில் பவளப் பாறை பார்ப்பதாக ஏற்பாடு. என் கணவர் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, “அண்ணன், நாளைக்கு நாம் நால்வரும் போவோம். ஒரே இடம் போதும்” என்றார்.

அப்படியே போனோம். சிப்பிகாட்டில் இறங்கி, அத்தான் காட்டிய இடத்தில் சற்று நேரம் நின்றோம். பிற்பகலில் சிறைக்குள் அக்காள் ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்தாள். ஒலி-ஒளிக் காட்சியில், சிறை முற்றத்து அரச மரம் தான் கண்டதைச் சொல்வதாகக் கதை நடக்கிறது. அன்று நாங்கள் பார்த்தது இந்திக் காட்சி. எனக்கு இந்தி தெரியாது. தீவில் இருபத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்த அக்காளோ, என் காதருகே குனிந்து வரிக்கு வரி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். சில இடங்களில் அவள் குரல் நின்றுபோயிற்று. முந்தின நாள் ஒன்றரை மணி நேரம் சுற்றியும் விளங்காத அந்தச் சிறை அன்றுதான் எனக்கு விளங்கிற்று. திரும்புவதற்கு ஒரு வண்டியை வாடகைக்குப் பேசினோம். அக்காளுடைய தலை வழியெல்லாம் என் தோளில் இருந்தது.

அன்பானவர்களே, நீங்கள் அந்தமான் சென்றால் எந்த இடம் எந்த நாளில் மூடியிருக்கும் என்பதை முன்னதாகவே விசாரியுங்கள். மாலை சீக்கிரம் இருட்டும் என்பதை மறவாதீர்கள். ஒரு நாளைக்கு மூன்று இடங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். இவையெல்லாம் பயணத்துக்கான ஆலோசனைகள்.

பிழைப்புக்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் மும்பைக்கும் வந்து குடியேறியிருக்கும் உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல விரும்புகிறேன். ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் வழி சொல்லி அனுப்பிவிட்டு, வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் உங்கள் இல்லத்திலும் இருக்கலாம். பேருந்து எண்ணெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த இடங்களுக்குள் அவர் ஒருமுறையாவது போயிருக்கிறாரா? இன்று இரவு உணவின்போது கேட்டுப் பாருங்கள்.